மூலக் கோப்பை அழிக்காதீர்கள்

எத்தாளையிலும் கண்டக்குழியிலும் ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும், வீட்டு மேசையில் ஒரு லெப்டொப்பையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு மூத்தவர்களின் பாட்டையும் பேச்சையும் பதிந்துவரும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்களில் பலர் வட்ஸ்அப்பில் பதிவுகளை அனுப்பிவிட்டு ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறீர்கள். இரைச்சலை எடுக்க ஏலுமா, குரல் ஏன் உடைகிறது, பாட்டுக்குப் பின்னால் ஒரு ஊமை முழக்கம் ஓடுகிறதே அது எங்கிருந்து வருகிறது, இப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எல்லாருக்குமாக ஒரு மடல் எழுதினால், இனிப் பதியப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

பதியும்போது மைக்கில் விழாத குரலை எந்த மென்பொருளாலும் பிறகு உண்டாக்க ஏலாது. நான் சொல்ல வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் கேள்விகளில் முக்கால்வாசி கொம்பியூட்டரைப் பற்றியவை. கோளாறுகளில் முக்கால்வாசியோ அறையிலும் காற்றிலும் மைக் வைத்த இடத்திலும் இருக்கின்றன.

நீங்கள் பதிந்து வைப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது உங்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்குமோ என்று எனக்குத் தெரியவில்லை. சைமன் காசிச்செட்டி 1807-ல் கற்பிட்டியில் பிறந்தவர். 1834-ல் இலங்கைக் கசெற்றியரையும் 1859-ல் தமிழ் புளூராக்கையும் வெளியிட்டார். இந்தக் கரையின் ஊர்களையும் மனிதர்களையும் வழக்கங்களையும் கண்ணால் கண்டு எழுதிய அவர் 1860-ல் இறந்துபோனார். எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தது அதற்குப் பிறகு 17 ஆண்டு கழித்து. அதனால் அவர் எழுதியது நமக்குக் கிடைத்திருக்கிறது, அவர் காதால் கேட்ட குரல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது, மஞ்சா பாட்டுகளில் மட்டும் அதன் சொற்கள் இன்னும் ஒலிக்கின்றன. பேச்சு போன பிறகும் பாட்டு அதைத் தாங்கி நிற்கும் என்பதை நம் மாவட்டத்திலேயே காணலாம்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அன்று முப்பது வயதில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு வந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அவர்களுடைய உச்சரிப்பு வேறு, தாலாட்டு வேறு, கடலுக்கும் மீனுக்கும் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மைப் போலத்தான் கதைக்கிறார்கள். கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டும் இதே நிலையில்தான் இருக்கிறது. இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரம் வலை இழுக்கத் தொடங்கிவிட்டது. எல்லாரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுக்கும் வேலைக்காகப் பிறந்த பாட்டு அது. அந்த வேலை போனால் பாட வேண்டிய தேவையும் போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் அறை. இப்போது நாம் கட்டும் வீடுகளில் தரை முழுக்க டைல், சுவர் வெறும் சீமெந்து, ஜன்னலுக்குக் கண்ணாடி. அப்படிப்பட்ட விறாந்தையில் உம்மும்மாவை உட்கார்த்திப் பதிந்தால் அவருடைய குரல் ஒருமுறை நேராகவும், சுவரில் பட்டு இன்னும் பலமுறை பிந்தியும் மைக்குக்குள் போகும். அந்த எதிரொலியைப் பிரித்தெடுக்க வீட்டுக் கொம்பியூட்டரில் நல்ல வழி எதுவும் இல்லை. மெத்தையும் துணி அலுமாரியும் உள்ள படுக்கையறைக்குப் போங்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். அவருக்கு முன்னால் மேசையில் ஒரு தடித்த போர்வையை விரியுங்கள், முதுகுக்குப் பின்னால் இன்னொன்றைத் தொங்கவிடுங்கள். கிடுகு வேய்ந்த பழைய குசினி ஒன்று மிச்சமிருந்தால் அது இதைவிட நல்லது, ஏனென்றால் கிடுகு ஒலியைத் திருப்பி அனுப்பாது. தகரக் கூரை மட்டும் வேண்டாம். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் டக் டக்கென்று பேசும்.

ஃபேனை நிறுத்துங்கள், பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடுகிறதென்றால் அது நிற்கும் வரை பொறுங்கள். அரைமணி பொறுத்தால் பிறகு மூன்று நாள் எடிட்டிங் மிச்சம். உங்கள் போனையும் அவருடைய போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். பதிவுக்கு நடுவில் திடீரென்று டிர்ர்… டிக் டிக் டிக் என்று கேட்கிறதே, அது கோபுரத்தோடு பேசும் போனின் அலை மைக் கம்பியில் ஏறி வந்தது.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் முன்னால் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், வாயைப் பார்த்தபடி வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் "பாட்டன்", "பள்ளி" என்று ப-வில் தொடங்கும் சொல் ஒவ்வொன்றிலும் மூச்சுக்காற்று மைக்கில் மோதி டொப்பென்று அடிக்கும். எந்த மைக் வாங்கலாம் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பேச்சுக்கும் தனிப்பாட்டுக்கும் ஒரு சாதாரண யூ.எஸ்.பி. மைக் போதும். பணம் மிஞ்சினால் காது முழுவதையும் மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள். ஹெட்போன் போடாமல் பதிவது கண்ணை மூடிக்கொண்டு தோணி ஓட்டுவதற்குச் சமம்.

அடுத்தது காற்று. கற்பிட்டிக் குடாநாட்டுக்குக் கைட் சர்ஃபிங் ஆட்களைக் கொண்டுவரும் அதே சோளகம்தான் கடற்கரைப் பதிவுகளையும் கெடுக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மைக்கை வெறுமனே கடற்கரைக்கு எடுத்துப் போனால் பதிவில் பொறு பொறு என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. மைக்கோடு வரும் மெல்லிய ஸ்பொஞ்சு உறை நம் காற்றுக்குப் போதாது. அதற்கு மேலே நீண்ட மயிர் வைத்த உறை ஒன்று வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் செயற்கை மயிர்த்துணியில் வீட்டிலேயே தைக்கலாம். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக் உங்கள் உடம்பின் மறைவில் இருக்கும்படி பிடியுங்கள். ஒரே திசையில் கேட்கும் மைக்கைக் காற்று கூடுதலாகப் பாதிக்கும். எல்லாத் திசையும் கேட்கும் சின்னக் கொலர் மைக்கைப் பாடுபவரின் சட்டைக்குள் மறைத்துக் குத்தினால் கடற்கரையில் அது நன்றாக வேலை செய்யும். எப்படியும் காற்று விழுந்த பதிவை ஹை பாஸ் ஃபில்டரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் ஓரளவுக்கு மேல் தேறாது.

ஆனால் அம்பாப் பாட்டுக்குப் பின்னால் கேட்கும் அலையை எடுத்துத் தரச் சொல்லி யாரும் என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பாட்டின் தாளம் கயிற்றை இழுக்கும் கைகளிலிருந்தும் கரையில் விழும் அலையிலிருந்தும் வருவது. அலையை எடுத்துவிட்டால் பாட்டு நடந்த இடமே போய்விடும்.

அளவைப் பற்றிப் பல பேருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் மீட்டர் முழுதாகச் சிவந்து நின்றால் பதிவு பலமாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். மீட்டரில் 0 டெசிபெல்தான் கடைசிக் கோடு, அதற்கு மேல் எண் கிடையாது. உம்மும்மா தாலாட்டின் உச்சத்தில் குரலை ஏற்றும்போது அலை அந்தக் கோட்டைத் தொட்டால் அதன் தலை தட்டையாக வெட்டுப்படும். பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்து ஏற வேண்டிய அலை கத்தரித்த மாதிரி நேர்கோடாக நிற்பது தெரியும். கறகறப்பு அங்கேதான் பிறக்கிறது. பதியுமுன் அவரை இருப்பதிலேயே உரத்த வரியைப் பாடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டர் -12-க்கும் -6-க்கும் நடுவில் நிற்கும்படி மைக் அளவைக் குறையுங்கள். சத்தம் குறைந்த பதிவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட ஏலாது.

ஊமை முழக்கம் என்று நீங்கள் சொல்வது நம் வீட்டு மின்சாரம். இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. லெப்டொப்பின் சார்ஜருக்குச் சரியான எர்த் இல்லாவிட்டால் அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸும் பதிவில் ஏறிவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை முழக்கம் அந்த நொடியே நின்றுவிடும். ஏற்கெனவே பதிந்ததில் இருந்தால் நோட்ச் ஃபில்டரைப் போடலாம். அதில் முன்கூட்டியே 60 என்று நிற்கும். அது அமெரிக்க மின்சாரத்தின் கணக்கு, நமக்கு 50. கீழே கியூ என்ற எண் 1-ல் இருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் முழக்கத்தோடு ஆண்குரலின் அடித்தளமும் சேர்ந்து போகும்.

விண்டோஸ் தரும் தொல்லைகளில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ரெக்கோர்ட் பொத்தானை அழுத்தியதும் -9999 என்ற பிழை வந்தால் மைக் பழுதாகிவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் விண்டோஸின் பிரைவசி செட்டிங்ஸில் டெஸ்க்டொப் செயலிகளுக்கு மைக் அனுமதி அடைத்திருக்கும், திறந்துவிட்டால் சரி. -9997 என்று வந்தால் ஓடாசிட்டி கேட்கும் சாம்பிள் ரேட்டும் விண்டோஸில் மைக்குக்கு வைத்திருக்கும் ரேட்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் 48,000-க்கு வையுங்கள்.

மூன்றாவது தொல்லை இவற்றைவிட மோசமானது, ஏனென்றால் அது பிழை என்று எதையும் காட்டாது. தாலாட்டில் "ரோ…" என்று நீட்டும்போது குரல் தொடக்கத்தில் நன்றாகக் கேட்டு, மூன்றாம் செக்கனில் மங்கி மறைந்துவிடுகிறதா? பாடியவருக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்து அவரைத் திரும்பத் திரும்பப் பாடவைக்காதீர்கள். லெப்டொப்பில் உள்ள நொய்ஸ் சப்ரெஷன், மாறாமல் நீளும் ஒலி எதுவானாலும் அதை ஃபேன் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடும். கூட்டங்களில் பேசுவதற்காகச் செய்த வசதி அது, பாட்டு என்னவென்று அதற்குத் தெரியாது. சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கின் பெயரைத் தட்டி, ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் முழுவதையும் அணையுங்கள். மைக்கோடு வந்த மென்பொருளிலும் அதே பொத்தான் இருக்கும், அதையும் தேடி அணையுங்கள்.

எடிட்டிங்கைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. உங்களில் பலர் கூடுதலாகத் துடைக்கிறீர்கள். நொய்ஸ் ரிடக்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதைக் கண்டபடி தொடமாட்டீர்கள். யாரும் பேசாத ஒரு துண்டை நீங்கள் மாதிரியாகக் காட்டுகிறீர்கள். அதில் எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதென்று மென்பொருள் கணக்கெடுத்து, பதிவு முழுக்க அந்த அளவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் தணிக்கிறது. ஆனால் ஒரு வயதானவரின் குரலில் "ச", "ஸ", "ஃ" போன்ற மென்மையான ஒலிகளும், சொல் முடிந்து இழுபடும் மூச்சும், பல் போன வாயில் வழுகி வரும் "ழ"வும் அதே மெல்லிய அளவில்தான் இருக்கின்றன. அவையும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கதைக்கும் சத்தம். முதலில் 6 டெசிபெல்லில் வைத்து ஹெட்போனில் வடிவாகக் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்று தோன்றினால் ஒரு நாள் விட்டுத் திரும்பக் கேட்டு முடிவெடுங்கள். மாதிரிக்காகப் பதிவின் தொடக்கத்தில் எல்லாரும் வாயை மூடிப் பத்துச் செக்கன் சும்மா இருக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் டிக்கென்று கேட்டால், துண்டைத் தெரிவு செய்தபின் இசட் விசையை ஒரு தடவை தட்டிவிட்டு வெட்டுங்கள். அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்குத் தெரிவு நகர்ந்துவிடும்.

இருமலை வெட்டாதீர்கள். சொல்லைத் தேடி அவர் நிற்கும் இடைவெளியையும் வெட்டாதீர்கள். நிகழ்ச்சிக்கு மூன்று நிமிடத் துண்டு வேண்டுமென்றால் பிரதி ஒன்றில் வெட்டுங்கள். தொடாத மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும். மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு நன்றாகிக்கொண்டு போகிறது. இன்று நீங்கள் முரட்டுத்தனமாகத் துடைத்து மூலத்தையும் அழித்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து வரும் நல்ல கருவிக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

மூலத்தை வேவ் கோப்பாக வையுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாக எறிந்துவிடும். எடிட் செய்து திரும்ப எம்பி3 ஆக்கினால் இன்னும் எறியும். வட்ஸ்அப் வொய்ஸ் நோட்டில் பதிந்தது அதைவிடச் சுருங்கியது. 48,000 சாம்பிள், 24 பிட், ஒற்றைச் சனல் என்ற அளவில் ஒரு மணித்தியால வேவ் ஏறத்தாழ அரை ஜி.பி. பிடிக்கும். ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 48,000, 24 பிட் என்ற அளவும் இதுதான். ஓடாசிட்டியின் புரொஜெக்ட் கோப்பை பென் டிரைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். மின்சாரம் போகுமுன், பதிந்து முடிந்ததுமே சேமிக்கும் பழக்கமும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தும் நாமும் இருட்டில்தான் இருந்தோம்.

உங்கள் வீடுகளில் கசெட்டுகளும் இருக்கும். தொலைபேசி அழைப்பு விலை கூடிய காலத்தில், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கசெட்டில் கதைத்து அனுப்பிய கடிதங்கள். அலுமாரியைத் திறந்து தேடுங்கள். கசெட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னத் தக்கைகளை முதலில் உடைத்துவிடுங்கள். அப்போது தவறுதலாக ரெக்கோர்ட் அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குரல் மந்தமாகக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மெல்ல மெல்லத் திருப்பி, "ச" எங்கே கூராகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். லெப்டொப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் உடைந்த குரல்தான் வரும், அது மைக்கின் மெல்லிய சைகைக்காகச் செய்த துளை. லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றையும் மறந்துவிடாதீர்கள். நம் கரையில் கறுமுறு சத்தம் வரும் மைக்கில் பாதி, பிளக்கில் உப்புப் பிடித்தவைதான். வேலை முடிந்ததும் மைக்கை இறுக்கமாக மூடும் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு வையுங்கள்.

கடைசியாக, பதியுமுன் பேசுபவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கே வைப்பீர்கள், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். 1990-ஐப் பற்றிச் சொல்லும்போது சிலர் நடுவில் நிறுத்தி, இதை வெளியே போடாதே என்பார்கள். அந்தச் சொல்லும் பதிவில் இருக்கட்டும், அதன்படியே நடங்கள். கோப்பின் பெயரில் நாள், ஊர், என்ன பாட்டு அல்லது பேச்சு என்பவற்றை எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் கொம்பியூட்டரில், ஒன்று வெளி டிரைவில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். அனுமதி கிடைத்தவற்றை, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுப்பதை யோசியுங்கள். அங்கே ஒலிப்பதிவுகளும் சேர்க்கப்படுகின்றன.

வாடை அடங்கி சோளகம் எழும்பாத பங்குனி, சித்திரை மாதங்களில் நம் கரையில் காற்று குறைவு. உங்கள் ஊரில் பாட்டும் கதையும் தெரிந்த மூத்தவர்களின் பட்டியலை இப்போதே எழுதுங்கள். வயதில் மூத்தவரின் பெயரை முதலில் எழுதி, அவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து உங்களில் ஒருவர்